ரிவால்வர் சிலிண்டர் வேலை: நம்ம ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கோயம்புத்தூர் கணபதியில லேத் பட்டறையில தொழில் கத்துக்கிட்டவன், இப்ப டெக்சஸ்ல ஒரு மெஷின் ஷாப்ல வேலை. இங்க வந்தப்புறம்தான் ரிவால்வர் மேல ஆசை வந்துச்சு, அதுலயும் சிங்கிள் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் ஹேமர (பின்னாடி இருக்க சுத்தியல) கையால இழுத்து காக் பண்ணிட்டு சுடுற வகை. இங்க இருக்க தமிழ் நண்பர்கள் பழைய ரிவால்வர் வாங்கும்போதும் கஸ்டம் வேலைக்கு குடுக்கும்போதும் ஒரே கேள்விகளை திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு.

கீழ சொல்ற எந்த செக்கிங்கா இருந்தாலும் சிலிண்டர (தோட்டாக்கள வெச்சு சுத்துற உருளை) வெளிய எடுத்து, எல்லா சேம்பரும் (அதுல தோட்டா போடுற ஓட்டை) காலியான்னு கண்ணால பாத்து, விரலையும் விட்டுப் பாத்துட்டு செய்ங்க. தோட்டா டப்பா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, அளவெல்லாம் இஞ்ச் கணக்குதான். ஒரு இஞ்ச ஆயிரமா பிரிச்சா வர்ற ஒரு பங்க இங்க ஷாப்ல ‘தௌ’ன்னு சொல்வாங்க, நானும் அப்படியே எழுதுறேன். நம்ம தலைமுடி ஒண்ணு சுமார் மூணு தௌ இருக்கும், கீழ படிக்கும்போது அத மனசுல வெச்சுக்கங்க.

சிலிண்டரப் பத்தியே ஏன் இவ்ளோ பேசுறீங்க, துல்லியத்துக்கு பேரல்தானே முக்கியம்?

ரைஃபிள்ல ஒரு சேம்பர், ஒரு பேரல், ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இறுக்கமா இருக்கும், ஒரு தடவை சரியா செஞ்சா அது பாட்டுக்கு நிக்கும். ரிவால்வர்ல ஆறு சேம்பர் ஒவ்வொண்ணா சுத்தி வந்து அதே பேரலுக்கு நேரா நிக்கணும். ஆறுக்கும் வாய் அளவு ஒண்ணா இருக்கணும், நடு அச்சுல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும், போல்ட்டு (சிலிண்டர கீழ இருந்து பூட்டி நிறுத்துற நாக்கு) வந்து விழுற குழி, அதாவது நாட்ச், ஆறும் ஒரே கணக்குல வெட்டிருக்கணும், சிலிண்டர பின்னாடி தள்ளி சுத்த வைக்கிற ராட்செட் பல்லு ஆறும் சமமா இருக்கணும். இதுல ஏதோ ஒண்ணு ரெண்டு தௌ பிசகினாலும் அந்த ஒரு சேம்பர் மட்டும் தனியா ஒரு பக்கம் சுடும். அஞ்சு குண்டு ஒரே ஓட்டையில விழுது, ஆறாவது மட்டும் ரெண்டு இஞ்ச் தள்ளிப் போகுதுன்னு சொல்வாங்க பாருங்க, அவங்க கை நடுக்கம்னு நினைச்சுட்டு இருப்பாங்க. சேம்பருக்கு நம்பர் போட்டு தனித்தனியா சுட்டுப் பாருங்க, பாதி நேரம் அது சிலிண்டர் பிரச்சனைதான்.

த்ரோட்னா என்ன, எல்லாரும் அதையே சொல்றாங்களே?

சேம்பர்ல தோட்டா உக்காருற இடம் அகலமா இருக்கும், அதுக்கு முன்னாடி சிலிண்டர் முகத்துகிட்ட குண்டு மட்டும் போற அளவுக்கு ஒரு குறுகலான பகுதி வரும், அதான் த்ரோட். குண்டு கேஸ (மருந்து இருக்க பித்தளைக் கூடு) விட்டுக் கிளம்பினதும் முதல்ல நுழையுற வாசல் அது. அந்த வாசல் பேரலோட உள் பள்ளத்து (குண்ட சுழல வைக்க உள்ள வெட்டின பள்ளம்) அளவுக்கு சமமாவோ ஒரு அரை தௌ, ஒரு தௌ பெருசாவோ இருக்கணும்.

வாசல் சின்னதா இருந்தா என்ன ஆகும்னா, ஈயக் குண்ட அது பிழிஞ்சு சிறுசாக்கிடும், பிழிஞ்ச குண்டு பேரலுக்குள்ள போகும்போது ஓரத்துல இடைவெளி விழுந்து சூடான வாயு அது வழியா பீறிட்டு ஈயத்த உருக்கி பேரல் முழுக்க பூசிடும், அப்புறம் நீங்க உக்காந்து பிரஷ் போட்டு தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். இதுக்கு பேர் போன உதாரணம் ருகர் பிளாக்ஹாக் 45 கோல்ட் (ருகர் கம்பெனி, பிளாக்ஹாக் மாடல், 45 கோல்ட் தோட்டா வகை). பல துப்பாக்கில பேரல் 0.451, 0.452 இருக்கும், த்ரோட் 0.449, 0.450ன்னு நிக்கும். மத்தபடி கல்லு மாதிரி உறுதியான துப்பாக்கி அது, இந்த ஒரு இடத்துல மட்டும் பல பேர் கஷ்டப்பட்டாங்க. இதுக்கு நேர் எதிரா ஒரு காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 45 கோல்ட் மாடல் 25ல த்ரோட் 0.455, 0.456னு வாய பொளந்துட்டு வந்துச்சு. சின்னதா இருந்தா ரீமர் (ஓட்டைய துல்லியமா சீவுற கருவி) போட்டு பெருசாக்கலாம், பெருசா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, வேற சிலிண்டர்தான்.

வீட்டுல பாக்குற வழி சுலபம். சிலிண்டர கழட்டி சுத்தமா துடைச்சு, 0.452 ஈயக் குண்டு ஒண்ண எடுத்து, கேஸ், மருந்து எதுவும் இல்லாத வெறும் குண்டு, சிலிண்டர் முன்பக்கமா ஒவ்வொரு த்ரோட்லயும் வெச்சு விரலால அழுத்துங்க. லேசா அழுத்துனா வழுக்கிட்டு போகணும், அது நல்ல த்ரோட். தானா விழுந்தா பெருசு. நிக்குது, தள்ளவே முடியலன்னா சின்னது. என் பழைய பிளாக்ஹாக்ல இத செஞ்சப்ப நாலுல விரல் நகம் வெளுக்குற அளவுக்கு அழுத்தியும் அசையல, ரெண்டுல மட்டும் போச்சு. எனக்கு அப்ப கவலை குண்டு நுழையலயேன்னு இல்ல, ஆறும் ஒண்ணா இல்லையேன்னுதான். ஆறும் 0.450 இருந்தாக்கூட ஏதோ வழி பண்ணலாம், ஆளுக்கு ஒரு அளவுல இருந்தா எந்த குண்டு போட்டும் பிரயோஜனம் இல்ல. சரியான அளவு வேணும்னா அரை தௌ வித்தியாசத்துல வர்ற பின் கேஜ் (ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்குற அளவு கம்பி) செட் வாங்குங்க. வெர்னியர் வெச்சு ஓட்டைய அளக்காதீங்க, வட்டத்துக்குள்ள அது சரியா உக்காராது, தப்பாதான் காட்டும்.

லைன் போரிங் லைன் போரிங்னு சொல்லி காசு கூட கேக்குறாங்க, நெஜமாவே வித்தியாசம் இருக்கா?

இருக்கு. சாதாரணமா ஃபேக்டரில சிலிண்டர தனியா ஒரு மெஷின்ல வெச்சு ஆறு ஓட்டை போடுவாங்க, ஃப்ரேம (துப்பாக்கியோட உடம்பு) தனியா ஒரு மெஷின்ல போடுவாங்க, ரெண்டையும் அளவு எல்லைக்குள்ள செஞ்சு கடைசில சேத்து மாட்டுவாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு தௌ, ரெண்டு தௌ விட்டுக்கொடுத்தா மொத்தத்துல எவ்ளோ சேரும்னு பாத்துக்கங்க.

லைன் போரிங்ல கதையே வேற. ஓட்டை போடாத கட்டி சிலிண்டர, நாட்ச் மட்டும் வெட்டி, அந்த ஃப்ரேம்லயே மாட்டி, அதே ஃப்ரேமோட போல்ட்டால பூட்டிட்டு, பேரல் வர்ற ஓட்டை வழியாவே சேம்பருக்கு வழி போடுவாங்க. அப்போ ஒவ்வொரு சேம்பரும் அது பூட்டி நிக்கிற இடத்துலயே பேரலுக்கு நேரா பொறந்துடுது. நாட்ச் ஒண்ணு அரை தௌ தள்ளி இருந்தாலும் அந்த சேம்பரும் அதோடயே தள்ளி இருக்கும், பேரலுக்கு நேர்தான் இருக்கும். பட்டறைக்காரனா எனக்கு இது ரொம்ப அழகான யோசனையா தோணும். நம்ம பக்கம் பம்ப் செட்டுக்கு பேரிங் ஹவுசிங் ரெண்டையும் ஒரே செட்டிங்ல போர் பண்ணுவோமே, அதே நியாயம்தான்.

வையோமிங்ல ஃப்ரீடம்ங்குற சின்ன ஊர்ல இருந்து வர்ற ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83, 1983ல வந்தது, 454 கசூல் தோட்டாவுக்கு செஞ்சது, இந்த முறையிலதான் செய்றாங்க. அத கையில வாங்கி காக் பண்ணி சிலிண்டர அசைச்சுப் பாத்தீங்கன்னா ஃப்ரேமோட வெல்ட் பண்ணிட்டாங்களோன்னு தோணும், அவ்ளோ கெட்டி.

கஸ்டம் பெரிய ரிவால்வர் எல்லாம் ஏன் அஞ்சு குண்டோட நிக்குது?

இதுக்கு 1925 ஜூலை 4க்கு போகணும். எல்மர் கீத்னு ஒருத்தர், பின்னாடி அமெரிக்கா பூரா பேர் வாங்குன துப்பாக்கி எழுத்தாளர், அன்னிக்கு சுதந்திர தினம் கொண்டாட தன்னோட கோல்ட் கம்பெனி சிங்கிள் ஆக்ஷன் 45ஐ மேல நோக்கி சுட்டார். அளவுக்கு மீறின லோடு, கருமருந்தையும் பொடியா அரைச்சு போட்டிருந்தார். சிலிண்டரோட மேல்பாதி பிச்சுக்கிட்டு போயிடுச்சு. அதுக்கப்புறம் அவர் 45ஐ விட்டுட்டு 44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு போனார், காரணம் அதே சைஸ் சிலிண்டர்ல 44 ஓட்டை போட்டா சுவரு தடிமனா மிச்சமாகும். அந்த வழியில போய்தான் 1955ல 44 மேக்னம் தோட்டா வந்துச்சு.

45 கோல்ட் ஆறு குண்டு சிலிண்டர்ல ரொம்ப மெல்லிசான இடம் எதுன்னு பாருங்க. போல்ட் கீழ இருந்து வந்து நாட்ச்ல பூட்டுது. ஆறு சேம்பர்னா 60 டிகிரிக்கு ஒண்ணு, மேல ஒரு சேம்பர் நின்னா நேர் கீழயும் ஒரு சேம்பர் நிக்கும், அப்போ நாட்ச் சேம்பர் சுவரு மேலயே வெட்டு வாங்குது, ஏற்கனவே மெல்லிசான இடத்துல குழி. அஞ்சு சேம்பர்னா 72 டிகிரி, மேல ஒண்ணு நின்னா நேர் கீழ ரெண்டு சேம்பருக்கு நடுவுல வந்துடும், நாட்ச் அங்க கெட்டி இரும்புல விழும். சேம்பருக்கும் சேம்பருக்கும் நடுவுல இருக்க சுவரும் தடிமனாகும். ஒரு குண்டு விட்டுக்கொடுத்ததுக்கு இவ்ளோ பலன்.

இத வெச்சுதான் வையோமிங்ல ஜான் லைன்பாங்குற துப்பாக்கி செய்றவர் ருகர் ஃப்ரேம்ல கொஞ்சம் பெரிய அஞ்சு குண்டு சிலிண்டர் மாட்டி 45 கோல்ட்ட வேற தரத்துக்கு கொண்டு போனார், அப்புறம் 348 வின்செஸ்டர் கேஸ வெட்டி 500 லைன்பா, 45-70 கேஸ வெட்டி 475 லைன்பான்னு தோட்டாக்கள செஞ்சார். டென்னசில ஹாமில்டன் போவன் இதே வேலையில பெரிய பேர். 45 கோல்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் அழுத்தம் 14,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தன பவுண்ட்), 44 மேக்னம் 36,000, 454 கசூல் 65,000. இந்த மூணு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா சிலிண்டர் சுவர் ஏன் முக்கியம்னு யாரும் சொல்ல வேணாம். ஆறு குண்டுலயே 454 வராதான்னு கேப்பீங்க, ருகர் சூப்பர் ரெட்ஹாக்ல வருது, ஆனா அதுக்குன்னு தனியா உறுதியான ஸ்டீல் போட்டாங்க.

காக் பண்ணினப்புறம் சிலிண்டர் லேசா ஆடுது, கெட்டுப் போச்சா?

லேசான்னா எவ்ளோன்னு முதல்ல பாக்கணும். ஃபேக்டரி துப்பாக்கில பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது குத்தம் இல்ல, சேம்பர் நூத்துக்கு நூறு நேரா இல்லாதப்ப அந்த கொஞ்ச ஆட்டம் இருந்தாதான் குண்டு ஃபோர்சிங் கோன்ல, அதாவது பேரல் பின்வாய்ல புனல் மாதிரி இருக்க இடத்துல நுழையும்போது சிலிண்டர லேசா இழுத்து நேராக்கிக்கும். இது புரியாம சில பேர் சாதாரண சிலிண்டருக்கு அகலமான போல்ட் போட்டு துளி ஆட்டம் இல்லாம இறுக்கச் சொல்லி காசு குடுப்பாங்க. கோணலா இருக்க சேம்பர கோணலாவே பூட்டி வெச்ச மாதிரிதான் அது, ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமா ஈயத்த சீவும். என் கருத்து இதான்: ஆட்டமே இல்லாத பூட்டு வேணும்னா லைன் போர் பண்ணின சிலிண்டருக்கு மட்டும் கேளுங்க.

முன்ன பின்ன ஆடுறது வேற விஷயம். அது ஒண்ணுல இருந்து மூணு தௌக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிலிண்டர் சுத்தியல் மாதிரி முன்ன பின்ன அடிச்சு இன்னும் தேயும். இத சீக்கிரமா சரி பண்ணிடுங்க, ஷிம் (மெல்லிசான வாஷர்) போட்டோ புஷ்ஷிங்க சரி பண்ணியோ தெரிஞ்சவர் முடிச்சுடுவார்.

பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல எவ்ளோ கேப் இருக்கணும்?

நாலுல இருந்து ஆறு தௌ. ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுகள்) நாலு நுழைஞ்சு ஏழு நுழையலன்னா நிம்மதியா இருங்க. ரெண்டு தௌ வெச்சுக் குடுங்கன்னு கேக்குறவங்க இருக்காங்க, வேகம் கொஞ்சம் கூடும்தான், ஆனா முப்பது நாப்பது ரவுண்டு போனதும் கரி படிஞ்சு, சூட்டுல சிலிண்டர் விரிஞ்சு, சுத்தவே மாட்டேன்னு நிக்கும். அந்த இடைவெளியில இருந்து வர்ற வாயு கத்தி மாதிரி, பெரிய மேக்னம்ல விரலயே எடுத்துடும், அதனால இடது கை விரல் எப்பவும் சிலிண்டர் முகத்துக்கு பின்னாடிதான்.

டைமிங் சரியா இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்குறது?

காலி துப்பாக்கிய எடுத்து, ஒரு விரல சிலிண்டர் பக்கவாட்டுல சும்மா உரசுற மாதிரி வெச்சு லேசா பிரேக் குடுத்துக்கிட்டே ஹேமர மெதுவா, ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. ஹேமர் முழுசா காக் ஆகுறதுக்கு முன்னாடியோ அதே நேரத்துலயோ போல்ட் நாட்ச்ல விழுந்து ‘டக்’குன்னு கேக்கணும். ஹேமர் நின்னுடுச்சு, சிலிண்டர் இன்னும் பூட்டலன்னா அந்த சேம்பர் லேட். ஆறையும் தனித்தனியா பாருங்க, ஒண்ணு மட்டும் லேட்டா இருக்கறது சகஜம், ராட்செட்ல அந்த ஒரு பல்லு தேஞ்சிருக்கும்.

டபுள் ஆக்ஷன்ல (ட்ரிகர இழுத்தாலே ஹேமர் தானா பின்னாடி போற வகை) ஒரு நுணுக்கம், காலி கேஸ் எல்லா சேம்பர்லயும் போட்டுட்டு பாருங்க. பின்னாடி இருக்க எஜெக்டர் ஸ்டார் (காலி கேஸ வெளிய தள்ளுற நட்சத்திர வடிவ பாகம்) கேஸ் இல்லாதப்ப துளி சுத்தும், அத பாத்துட்டு நல்ல துப்பாக்கிய டைமிங் போச்சுன்னு ஒதுக்கிட்டவங்கள பாத்திருக்கேன். அந்த ஸ்டாரும் அந்த சிலிண்டரோட சேத்து வெட்டினது, இன்னொண்ணுல இருந்து கழட்டி போட முடியாது.

சிலிண்டர சுத்தி வட்டமா ஒரு கோடு விழுதேன்னு பயப்படுறாங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்லயும் ருகர்லயும் அது அமைப்பே அப்படி, விடுங்க. ஆனா நல்லா ட்யூன் பண்ணின கோல்ட் சிங்கிள் ஆக்ஷன்ல கோடு விழக் கூடாது, போல்ட் நாட்ச்சுக்கு முன்னாடி இருக்க சரிவுலதான் வந்து இறங்கணும். கஸ்டம் வேலை முடிஞ்சு வந்த கோல்ட்ல முழு வட்டக் கோடு இருந்தா செஞ்சவர் அவசரப்பட்டிருக்கார்னு அர்த்தம்.

ஆன்லைன்ல பழைய ருகர் சிலிண்டர் விலை கம்மியா வருது, வாங்கி மாட்டிக்கலாமா?

மாட்டாதீங்க. மாட்டுனா சுத்தும், பூட்டவும் செய்யும், அதனால சரியா இருக்குன்னு நினைப்பீங்க. கேப் அளவும் வேற, பின்னாடி தோட்டா தலைக்கு விடுற இடமும் வேற, டைமிங்கும் வேற. ருகர்லயே 45 கோல்ட் தோட்டாவுக்கும் 45 ஏசிபி தோட்டாவுக்கும் தனித்தனியா ரெண்டு சிலிண்டரா வர்ற செட்ல, ரெண்டாவது சிலிண்டர் முகத்துல அந்த துப்பாக்கி சீரியல் நம்பரோட கடைசி மூணு இலக்கத்த பொறிச்சு அனுப்புவாங்க, அது அந்த ஒரு ஃப்ரேமுக்குன்னு பொருத்தினது. பழசு வாங்கும்போது அந்த நம்பர் ஒத்துப் போகுதான்னு பாருங்க, நெறைய பேர் இத பாக்குறதே இல்ல.

எந்த இரும்புல சிலிண்டர் செய்யச் சொல்றது?

அத செய்றவர்கிட்ட விடுங்க. 4140 குரோம் மாலி, இல்லன்னா 17-4 ஸ்டெயின்லெஸ் சொல்வார், ரெண்டும் நல்லதுதான். நீங்க கேக்க வேண்டியது ஹீட் ட்ரீட்மென்ட் எங்க, எப்ப பண்றீங்கன்னு, ஏன்னா கடைசி ரீமர் ஹீட் ட்ரீட் முடிஞ்சப்புறம் ஓடணும், முன்னாடியே ஓட்டிட்டா சூட்டுல அளவு நகர்ந்துடும். இங்கிலாந்துலயும் பெல்ஜியத்துலயும் ப்ரூஃப் லோடு, அதாவது அதிக அழுத்தத் தோட்டா, போட்டு ப்ரூஃப் ஹவுஸ்ங்குற சோதனைக் கூடத்துல சோதிச்சு முத்திரை குத்தணும்னு சட்டமே இருக்கு, அமெரிக்காவுல அப்படி அரசாங்க கட்டாயம் இல்ல, செஞ்சவர் நேர்மைதான் முத்திரை. அதனால ப்ரூஃப் லோடு போட்டு சோதிச்சீங்களான்னு தயங்காம கேளுங்க.

நல்ல கைய எப்படி கண்டுபிடிக்கிறது?

எனக்கு நடந்தத சொல்றேன். மேல சொன்ன பிளாக்ஹாக்க த்ரோட் ரீமிங்க்கு ஒருத்தர்கிட்ட குடுத்தேன், பேர் வேணாம். ரெண்டே நாள்ல திரும்பி வந்துச்சு, வெளிய பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, சந்தோஷமா வீட்டுக்கு கொண்டு வந்தேன். ராத்திரி டைனிங் டேபிள்ல டார்ச் அடிச்சு பின்பக்கமா உள்ள பாத்தா மூணாவது சேம்பர் த்ரோட்ல வளையம் வளையமா அலை, ரீமர் அதிர்ந்த தடம். பின் கேஜ் விட்டுப் பாத்தேன், அஞ்சு 0.4525, அந்த ஒண்ணு 0.456 பின்னையும் வாங்கிக்குச்சு. அடுத்த வாரம் ரேஞ்ச்ல அந்த சேம்பர் மட்டும் தனியா இடது பக்கம் கீழ போய் விழுந்துச்சு. அவர்கிட்ட காட்டினேன், இதெல்லாம் ஒரு வித்தியாசமான்னு கேட்டார். எடுத்த இரும்ப திரும்ப வைக்க முடியாது, அந்த சிலிண்டர் அதோட போச்சு, புதுசு பொருத்த ஃபேக்டரிக்கு துப்பாக்கியவே அனுப்ப வேண்டியதா போச்சு.

அதுல இருந்து யார்கிட்ட குடுத்தாலும் நாலு விஷயம் கேக்குறேன். வேலைக்கு முன்னாடி ஆறு த்ரோட்டையும் பேரலையும் அளந்து எழுதிக் குடுப்பாரா? ரீமருக்கு முன்னாடி போற பைலட்ட அந்தந்த சேம்பருக்கு ஏத்த மாதிரி மாத்துவாரா? வேலை முடிஞ்சதும் ரேஞ்ச் ராட் விட்டு, அதாவது பேரல் வழியா அளவு கம்பி விட்டு ஒவ்வொரு சேம்பரும் நேரா இருக்கான்னு பாப்பாரா? சுட்டுப் பாத்த டார்கெட் தருவாரா? நல்ல ஆளு இந்த கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், சந்தோஷமா பேச ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் விடமாட்டார். பெரிய கைகள்கிட்ட அஞ்சு குண்டு கன்வர்ஷன்னா ஆயிரக்கணக்குல டாலர், காத்திருப்பு வருஷக் கணக்கு, அது நியாயம்தான், ஒரு சிலிண்டருக்கு எவ்ளோ நேரம் மெஷின் முன்னாடி நிக்கணும்னு எனக்கு தெரியும்.

வந்ததும் பாலிஷ பாக்காதீங்க. சிலிண்டர கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒவ்வொரு ஓட்டையா பாருங்க. த்ரோட் ஆரம்பிக்கிற படி சுத்திலும் ஒரே மாதிரி கூர்மையா தெரியணும், ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் மெல்லிசா பிறை மாதிரி தெரிஞ்சா ரீமர் மையம் விட்டு போயிருக்கு.

ஊர்ல லேத் வெச்சிருக்கோம், நாங்களும் இத செஞ்சு பாக்கலாமாண்ணே?

வேணாம் தம்பி. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 5 படி துப்பாக்கி செய்றது மட்டும் இல்ல, ரிப்பேர் பண்றதுக்கும் மாத்தி அமைக்கிறதுக்கும் சோதிக்கிறதுக்கும்கூட லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கவர் கொண்டு வந்து குடுத்தாலும் நீங்க கை வெச்சா குத்தம்தான். இங்கயும் வேலையா எடுத்து செய்யணும்னா ஃபெடரல் லைசென்ஸ் வாங்கணும், என்கிட்ட அது இல்ல, அதனால நான் அடுத்தவங்க துப்பாக்கிக்கு அளந்து சொல்றதோட நிறுத்திக்குவேன்.

கை பழகணும்னு ஆசை இருந்தா ஒரு ஈஎன்24 ஸ்டீல் கட்டிய எடுத்து இண்டெக்ஸிங் ஹெட்ல (சம கோணத்துல திருப்பி நிறுத்துற கருவி) மாட்டி, வட்டமா ஆறு சாதா ஓட்டை போட்டு ரீம் பண்ணுங்க. அப்புறம் ஆறையும் பின் கேஜ் விட்டு பாருங்க, நடுவுல இருந்து தூரத்தையும் டயல் வெச்சு பாருங்க. ஆறும் அரை தௌக்குள்ள வர்றதுக்கு எனக்கு பதினோரு கட்டி ஆச்சு.